கத்தரிக்காயை விட்டு எழும்பிய கதை

தம்பிக்கு,

உனக்கு நாற்பது வயதாகப் போகிறது. பள்ளிக்கூடம் போகிற ஒரு மகளுக்குத் தகப்பன். ஆனாலும் மூத்த மகனைத் தம்பி என்று கூப்பிட்டே பழகிய வாய்க்கு வேறு பெயர் வராது. நீ சுவிசுக்குத் திரும்பிப் போய்ப் பத்து நாள் ஆகிறது. அதில் மூன்று நாளை இந்தக் கடிதம் தின்றுவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பதால் மட்டும் தாமதமில்லை. உனக்குச் சொன்ன ஒரு பொய்யை நான் இதில் திருப்பி வாங்க வேண்டியிருக்கிறது. அது விற்ற மாட்டைத் திருப்பி வாங்குவது போலக் கஷ்டமான வேலை. வாங்கிக்கொண்டு போனவன் அதற்குள் அதற்குப் பெயரும் வைத்துப் புல்லும் போட்டுப் பழகியிருப்பான். தொலைபேசியில் சொல்லலாமே என்று கேட்பாய். தொலைபேசியில் கதைக்கப் போய்த்தான் அந்தப் பொய்யே பிறந்தது. அதனால் எழுதுகிறேன். இருந்து வாசி.

தங்கச்சியின் கலியாணத்தன்று நீ மாப்பிள்ளைத் தோழனாக மண்டப வாசலில் நின்றாய். செம்பை இரண்டு கையாலும் பிடித்து மாப்பிள்ளையின் காலுக்குத் தண்ணீர் ஊற்றினாய். ஒரு கையால் ஊற்றுகிற வேலையை ஏன் இரண்டு கையால் செய்கிறான் என்று எனக்கு அப்போது ஓடவில்லை. பிறகு முறைப்படி மாப்பிள்ளை உனக்கு மோதிரம் போட வந்தார். மோதிரம் விரலின் நடு மூட்டில் போய் நின்றுவிட்டது. அவர் தள்ளினார், நீ பல்லைக் கடித்தாய். "போகுதில்லை மச்சான்" என்று அவர் மெல்லச் சொன்னார். வீடியோக்காரன் விடவில்லை. "அண்ணை, இன்னொருக்கால் போடுங்கோ, கமராவுக்கு வடிவாத் தெரியேல்லை" என்றான். அந்த நேரம் பார்த்து எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சுவிசிலை திண்ட சீஸ் எல்லாம் தோழனுக்கு விரலிலை போய் நிண்டிட்டுது, ஆராவது சவர்க்காரம் கொண்டு வாங்கோ!" என்று கத்தினேன். வாசல் முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். மாப்பிள்ளை கெட்டிக்காரன், மோதிரத்தைச் சுண்டுவிரலில் போட்டுக் காரியத்தை முடித்தார். நீ அந்தக் கையைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்த பிறகுதான் என் சிரிப்பு நின்றது. இரும்புச் சட்டியை ஒரு கையால் தூக்கிச் சுழற்றுகிற குசினிக்காரன் நீ. அந்தக் கையை வைத்துத்தான் உன் வீட்டில் மூன்று பேர் சாப்பிடுகிறீர்கள்.

பந்தியில் உன் இலையைப் பார்த்தேன். வெறும் சோறும் பூசணிக்காயும். மற்றக் கறியெல்லாம் ஓரத்தில் ஒதுங்கி நின்றன. பக்கத்தில் இருந்தவர் ஏன் என்று கேட்க, நீ பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொன்ன மாதிரியே சொன்னாய்: "கத்தரிக்காய் கூடாது, தக்காளி கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, மிளகாய் கூடாது, கோதுமை கூடாது, பால் கூடாது." உன் மகள் என் காதுக்குள் வந்து, "அப்பப்பா, வீட்டிலையும் அப்பா உப்பிடித்தான். அம்மா ரெண்டு சட்டியிலை சமைக்கிறவ" என்றாள். அடுத்த நாள் காலையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது நான் உன்னைக் கேட்டேன்.

"டொக்டர் தந்த குளிசை எடுக்கிறனியோ?"

"அதை விட்டு எட்டு மாசம் அப்பா. வயித்தைப் பிரட்டுது. நீங்கள் மருந்தே இல்லாமல் கத்தரிக்காயை விட்டுத்தானே எழும்பினீங்கள்? எனக்கு இன்னும் கொஞ்சச் சாமானையும் விட வேண்டிக் கிடக்கு, அவ்வளவுதான்."

உன் அம்மா குசினிக்குள் இருந்து, "அப்பிடிச் சொல்லு ராசா! உந்த மனுசனை எழுப்பினதே நான்தான்" என்றாள். நான் தேத்தண்ணீரைக் குடித்தேன். அந்தக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. தேத்தண்ணீர் எப்போதோ முடிந்துவிட்டது. நீ போகிற அன்று விமான நிலையத்துக்குப் பிடித்த வான் வண்டிக்குள் இருந்து தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்கப் பார்த்தாய், முடியாமல் மகளிடம் கொடுத்தாய். அவள் திறந்து தந்தாள், நீ குடித்தாய். வான் புத்தூர்ச் சந்தி தாண்டும் வரை நான் ஒழுங்கையில் நின்றேன். கை காட்டத்தான் நிற்கிறேன் என்று நீ நினைத்திருப்பாய். "நில்லடா" என்று கத்துவதற்கு வாய் வராமல் நின்றேன்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால், நீ அங்கே போய்க் கொஞ்சக் காலம், எனக்குக் காலையில் கை பொத்தினபடியே கிடந்தது. எட்டு மணி வரை விரல் விரியாது. மண்வெட்டிப் பிடி கைக்குள் நிற்காது. முழங்கால் இரண்டும் வெள்ளரிப்பழம் மாதிரி ஊதின. இங்கே ஒருவனுக்கு மூட்டு வீங்கினால் போதும், ஊரில் எல்லாரும் நாட்டு வைத்தியப் பரியாரிதான். உடம்பில் கடியும் வீக்கமும் கிளப்புகிற கிரந்திச் சாப்பாடு என்பார் ஒருவர், வாய்வு என்பார் மற்றவர். நண்டு கிரந்தி, கணவாய் கிரந்தி, உழுந்து வாய்வு, மரவள்ளிக்கிழங்கு வாய்வு, முருங்கையிலை சூடு, வெள்ளரிக்காய் குளிர். சைக்கிளை நிறுத்தி இத்தனையையும் சொன்ன ஒருவரிடம் நான் கேட்டேன்.

"அப்ப நான் என்னத்தைத் தின்னுறது?"

"கஞ்சி குடியுங்கோ."

"கஞ்சி குளிர் இல்லையோ?"

"மிளகைப் போடுங்கோ."

"மிளகு சூடு இல்லையோ?"

அவர் சைக்கிளில் ஏறிப் போனவர்தான், பிறகு எங்கள் ஒழுங்கைப் பக்கம் வரவில்லை. ஆனால் உன் அம்மாவை அப்படி அனுப்ப முடியாதே. கிரந்திச் சாப்பாட்டுக்கெல்லாம் தலைவன் கத்தரிக்காய் என்று அவள் முடிவு கட்டினாள். அந்த வருடம் நான் தோட்டம் நிறையக் கத்தரி நட்டிருந்தேன். "நட்டவனையே கடிக்கிற கத்தரியோ இது?" என்று கேட்டதற்கு, "வித்துப்போட்டு வாங்கோ, வீட்டுக்குள்ளை கொண்டு வராதேங்கோ" என்றாள். அன்றோடு கத்தரிக்காய் படலைக்கு வெளியே நின்றுவிட்டது. அவளும் தனக்கு விருப்பமான கத்தரிக்காய்ப் பால்கறியை எனக்காக விட்டாள். அதை மறக்காதே. இந்தக் கதையில் ஒரு பிழையும் செய்யாத ஆள் அவள்தான்.

ஒரு கிழமை கழித்து, அவளுக்குத் தெரியாமல் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனேன். தெரியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அண்ணை, உன் பெரியமாமா, முழங்கால் நோவுக்குக் கடையில் கேட்டுக் கேட்டு நோவுக் குளிசை விழுங்கி, வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து செத்தவர். அன்றிலிருந்து குளிசை என்ற சொல்லைக் கேட்டாலே அவள் எழும்பிப் போய்விடுவாள். கிளினிக்கில் இருந்தது உன் தங்கச்சியை விடச் சின்னதாகத் தெரிந்த ஒரு டொக்டர்ப் பிள்ளை. இரத்தம் எடுத்துப் பார்த்தா. என் உடம்பே என் மூட்டை எதிரி என்று நினைத்து அடிக்கிறதாம். வெளியில் எனக்கு எதிரிகள் போதாதென்று உள்ளேயும் ஒருவன். கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற குளிசை ஒன்றும், மற்ற நாட்களுக்கு ஒரு சத்துக் குளிசையும் தந்தா. கள்ளைத் தொடக் கூடாது, இடைக்கிடை இரத்தம் சோதிக்க வேண்டும் என்றா. பெரியமாமா குடித்ததைத்தான் எனக்கும் தருகிறீர்களோ என்று கேட்டேன். அது நோவை மட்டும் அமத்துகிற சாமான், இது மூட்டைத் தின்கிறதை நிறுத்துகிற சாமான் என்று பொறுமையாகச் சொன்னா. பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டா.

"ஐயா, உங்களுக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை எண்டு நினைக்கிறியள்?"

"வீட்டிலை கத்தரிக்காய் எண்டினம். தோட்டம் முழுக்க அதுதான் பிள்ளை நட்டிருக்கிறன்."

அவ சிரித்துப்போட்டு, "அப்ப எழுதி வைக்க ஒரு கொப்பி வாங்குங்கோ. ஒரு சாமானை மூண்டு கிழமை விடுங்கோ, பிறகு திண்டு பாருங்கோ. ஒண்டொண்டாய்ச் செய்யுங்கோ, எல்லாத்தையும் ஒரேயடியாய் விட்டால் எது எண்டு பிடிக்கேலாது. ஆனால் ஐயா, குளிசையை மட்டும் விட்டுப் பாக்கக் கூடாது" என்றா.

குளிசையைத் தோட்டத்துக் கிணற்றடியில், மோட்டர்க் கொட்டிலுக்குள், ஒரு பழைய தேயிலைத் தகரப் பேணியில் ஒளித்து வைத்தேன். திங்கட்கிழமை தோறும் பின்னேரம் அங்கே போய் விழுங்குவேன். கிளினிக் நாட்களில் கமநல நிலையத்தில் விவசாயிகள் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போவேன். நான் போன கூட்டங்களுக்கு என்னை இந்நேரம் மந்திரி ஆக்கியிருக்க வேண்டும். எனக்கும் முதல் இரண்டு மாதம் வயிற்றைப் பிரட்டியது தம்பி. டொக்டர்ப் பிள்ளையிடம் சொன்னேன். அவ அளவைக் குறைத்து, சாப்பிட்ட பிறகு போடச் சொல்லி, மெல்ல மெல்லக் கூட்டினா. பிரட்டு நின்றது. நாலாம் மாதம் வீக்கமும் வடிந்தது. உன் அம்மா ஊர் முழுக்கச் சொன்னாள், கத்தரிக்காயை விட்டார், எழும்பிட்டார் என்று. கள்ளை விட்டதையும் கத்தரிக்காயின் கணக்கிலேயே போட்டாள். கத்தரிக்காய்க்கும் கள்ளுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அண்ணையைக் காப்பாற்ற முடியாமல் போனவள் புருசனைக் காப்பாற்றிவிட்டாள். அதை ஊதி அணைக்க எனக்கு மனம் வரவில்லை. முதலில் அது அன்புதான். பிறகு அது எனக்கு ஒரு விளையாட்டாகவும் போய்விட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆட்கள் என்னைப் பார்க்க வருவார்கள், நான் கத்தரிக்காயைப் பழிப்பேன், அவர்கள் தலையாட்டுவார்கள். அது எனக்கு நல்ல வேடிக்கையும் பம்பலுமாக இருந்தது.

கத்தரிக்காய் ஒரு பாவமும் செய்யவில்லை என்பது எனக்கு இரண்டு தரம் தெரிய வந்தது. அம்மன் கோயில் திருவிழாவில் பத்து நாளும் அன்னதானம். வாளியால் ஊற்றுகிற குழம்பில் பாதி கத்தரிக்காய், அதிலும் பாதி என் தோட்டத்துக் காய். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். "அம்மாளின்ரை சோறு ஒண்டும் செய்யாது, சாப்பிடுங்கோ" என்றாள். பத்து நாளும் மூக்கு முட்டச் சாப்பிட்டேன். ஒரு விரலும் வீங்கவில்லை. அம்மாளின் அருள் என்று அவள் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன், ஆனால் குளிசையையும் நினைத்துக்கொண்டு கும்பிட்டேன். இரண்டாம் தரம் நடந்ததில் பம்பல் இல்லை. நாடே எரிபொருளுக்கு வரிசையில் கிடந்த அந்தக் காலத்தில் பஸ் ஓடவில்லை. இரண்டரை மாதம் நான் கிளினிக்குக்குப் போகவில்லை. பேணி வெறுமையாகக் கிடந்தது. மருந்து முடிந்தது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பக்கத்து வீட்டுப் பொடியன் சைக்கிளிலாவது போய் வாங்கி வந்திருப்பான். சொன்னால் பொய் உடைந்துவிடுமே என்று இருந்தேன். அந்த இரண்டரை மாதமும் ஒரு கத்தரிக்காய் இந்த வாய்க்குள் போகவில்லை. ஆனாலும் சேட்டுப் பொத்தான் பூட்ட முடியாமல் போனது. வலது கை மோதிரவிரல் உள்பக்கமாக வளைந்தது. குளிசை திரும்பக் கிடைத்து வீக்கம் வடிந்த பிறகும் அந்த விரல் நிமிரவில்லை, இனி நிமிராது. மோட்டர்ப் பட்டிக்குள் அகப்பட்டது என்று உங்களுக்குச் சொன்னேனே, அதுவும் பொய்.

அதற்கு அடுத்த வருடம் நீ தொலைபேசி எடுத்தாய். உனக்கும் அதே மூட்டு வருத்தம், அங்கே டொக்டர் மருந்து எழுதியிருக்கிறார். "அப்பா, உங்களுக்கு வந்தபோது என்ன மருந்து எடுத்தனீங்கள்?" என்று கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்தாள், தொலைபேசி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கிடந்தது. "மருந்தோ? கத்தரிக்காயை விட்டனான், அவ்வளவுதான்" என்றேன். வளைந்த விரலால் அந்தத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னேன். நான் ஊருக்குச் சொன்ன பொய்யில் எவனும் பெரிதாக நட்டப்படவில்லை, ஒரு கறியை விட்டான், பிறகு தின்றான். உனக்குச் சொன்ன பொய்யில் நீ உன் கையை விட்டுக்கொண்டிருக்கிறாய். நான் இத்தனை வருடம் ஆட்களைப் பகிடி பண்ணியிருக்கிறேன், ஒன்றுக்கும் மன்னிப்புக் கேட்டதில்லை. இதற்குக் கேட்கிறேன்.

சாப்பாட்டில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது அடுத்த பொய். டொக்டர்ப் பிள்ளை சொன்னபடி கொப்பி எழுதினேன். தக்காளி ஒன்றும் செய்யவில்லை. உழுந்து வயிற்றில் காற்றை ஏற்றியதே தவிர மூட்டுக்குப் போகவில்லை. கருவாட்டுப் பொரியல் தின்ற அடுத்த நாள் மட்டும் விரல் கொஞ்சம் இறுகியது. மூன்று தரம் பார்த்தேன், மூன்று தரமும் அப்படித்தான், அதனால் குறைத்துக்கொண்டேன். சீனி போட்ட தேத்தண்ணீர் நாளுக்கு ஆறு குடித்தவன் இரண்டாக்கினேன். உடம்பு கொஞ்சம் இறங்க முழங்கால் நன்றி சொன்னது. சூடை மீன், கீரை, இதெல்லாம் நல்லதென்று அவ சொன்னதால் சாப்பிடுகிறேன். இது என் உடம்பின் கதை. உன் உடம்புக்குக் கருவாடு சும்மா இருக்கும், பால் கடிக்கும், யார் கண்டது. உன் கொப்பியை நீதான் எழுத வேண்டும். ஆனால் உன்னைப் போல ஆறேழு சாமானை ஒரேயடியாக விட்டால், எதைக் குற்றம் சொல்வாய்? கன்னம் ஒட்டிப்போய் வந்து நின்றாய். மெலிந்தவனுக்கு மருந்தைத் தாங்கவும் பலம் வேண்டும்.

கிணற்றடியில் இருந்து யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. பத்தியம் என்று சொல்கிறோமே, அதை நாங்கள் ஒரு நாளும் தனியாகச் சொன்னதில்லை. பழைய பரியாரிமாரும் முதலில் மருந்தைத்தான் தருவார்கள், பிறகுதான் பத்தியத்தைச் சொல்வார்கள். மருந்து நிற்க, பத்தியமும் நின்றுவிடும். பத்தியம் என்பது மருந்துக்குத் தோழன். மாப்பிள்ளை வராமல் தோழன் மட்டும் வந்து மணவறையில் குந்தினால் என்ன நடக்கும்? மேளம் அடிக்கலாம், வீடியோவும் எடுக்கலாம், தாலி கட்ட ஆளில்லை. நீ எட்டு மாதமாக அப்படித்தான் ஒரு கலியாணம் நடத்துகிறாய். தோழனை அனுப்பிவிடு என்று நான் சொல்லவில்லை. மாப்பிள்ளையைக் கூட்டி வா. வயிற்றைப் பிரட்டினால் டொக்டரிடம் போய்ச் சொல்லு. குளிசையோடு கோபித்துக்கொண்டு வீட்டில் இருக்காதே. அளவு மாற்றுவார்கள், வேறு மருந்தும் இருக்குமாம். என் குளிசையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் நீ அதைக் கடையில் தேடிப் போவாய், உன்னை எனக்குத் தெரியும். உனக்கு எது என்று உன்னைச் சோதித்தவர்தான் சொல்ல வேண்டும்.

இதை உனக்கு எழுத முன்னம் உன் அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். மூன்று நாளைக்கு முன்னால் தேயிலைப் பேணியைக் கொண்டு போய் அவளுக்கு முன்னால் வைத்தேன். அவள் மூடியைத் திறந்து, குளிசை மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"எவ்வளவு காலமாய்?"

"ஒன்பது வருசம்."

"அப்ப கமநலக் கூட்டம்?"

"கூட்டம் இல்லை. கிளினிக்."

"வயித்துக்குள்ளை ஒண்டும் செய்யேல்லையோ உங்களுக்கு?" அதைத்தான் முதலில் கேட்டாள். இல்லை, இரத்தம் சோதிக்கிறார்கள், எல்லாம் சரி என்றேன். மட்டைகளைத் திரும்பப் பேணிக்குள் அடுக்கினாள். பிறகு, "அப்ப என்ரை பிள்ளை என்ரை கதையைக் கேட்டோ பட்டினி கிடக்கிறான்?" என்றாள்.

"உன்ரை கதையை இல்லை. என்ரை பொய்யை."

நான் அடிக்கு ஆயத்தமாக நின்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, "அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான் எண்டு அவன்ரை வாயாலை நான் கேக்கும் மட்டும் உங்களோடை எனக்குக் கதையில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியும். மூன்று நாளாக இந்த வீட்டில் என்னோடு வானொலி மட்டும்தான் கதைக்கிறது. சோறு வருகிறது, தேத்தண்ணீர் வருகிறது, சொல் வரவில்லை. எனக்கு ஏதாவது அவசரமாகச் சொல்ல வேண்டுமென்றால், கொட்டிலில் நிற்கிற ஆட்டைக் கூப்பிட்டு, "எடியே, உந்த மனுசனைக் குளிக்கச் சொல்லு, தண்ணி ஆறப்போகுது" என்கிறாள். ஆடு என்னைப் பார்க்கிறது. நான் போய்க் குளிக்கிறேன். நாற்பத்திரண்டு வருடம் அவளுடைய வாயை அடக்க வழி தேடிய எனக்கு, இந்த அமைதி இப்படிப் பாரமாக நெஞ்சில் இருக்கும் என்று தெரியாமல் போய்விட்டது.

ஆகவே தம்பி, இந்தக் கிழமையே போய் அந்த டொக்டரைப் பார். எட்டு மாதம் விட்டேன் என்பதை மறைக்காமல் சொல்லு, என்னைப் போலக் கூட்டத்துக்குப் போன கதை விடாதே. பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம், அம்மாவுக்கு எடு. நான் முற்றத்தில் நிற்பேன். அவள் உன்னோடு கதைத்து முடித்துவிட்டு வெளியே வந்து, ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து என்னைத் திட்டத் தொடங்குவாள். அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா